எங்க பிளான்ல பள்ளிக்கூடமே இல்ல

2023ல எங்க யூனிவர்சிட்டில எல்லா துறையும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஸ்ட்ராடஜிக் பிளான் போட்டு குடுக்கணும்னு சர்குலர் வந்துச்சு. யூனிவர்சிட்டிக்கு தர கிரேடு போடற நாக் டீம் வரப்போகுது, அவங்களுக்கு நாங்க குடுக்கற சுய அறிக்கைல (எஸ்எஸ்ஆர்) ஆறாவது கிரைடீரியன்ல வருங்காலத்துக்கான பெர்ஸ்பெக்டிவ் பிளான் எங்க, அது நடந்ததுக்கு ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க, அதனால யூனிவர்சிட்டியோட தரக் கண்காணிப்புப் பிரிவு ஐக்யூஏசில இருந்து வாரா வாரம் போன். கல்வியியல் துறைக்கு நாலு பேர் கமிட்டி, அதுல நானும் ஒருத்தி. பதினாலு வருஷமா பி.எட். பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன், ஆனா இந்த துறை எங்க போகணும்னு யாரும் என்னை கேட்டது அதுதான் முதல் தடவை, அதனால ரொம்ப ஆசையாவே உக்காந்தேன்.

முதல் ரெண்டு மீட்டிங் எஸ்டபிள்யூஓசிக்கே, அதாவது பலம், பலவீனம், வாய்ப்பு, சவால்னு பட்டியல் போடறதுக்கே போச்சு. பலம்னா நல்ல லைப்ரரி, சீனியர் ப்ரொஃபஸர்ஸ். பலவீனம்னா காலி போஸ்டிங். வருஷத்துக்கு நூறு பிள்ளைங்க சேர்ற ரெண்டு வருஷ பி.எட்.க்கு, ஆசிரியர் பயிற்சிக்கு விதி போடற தேசிய கவுன்சில் என்சிடிஇயோட 2014 நார்ம்ஸ் படி 16 பேர் முழுநேர ஆசிரியர் வேணும், எங்ககிட்ட பாதி பேர் கெஸ்ட் லெக்சரர். அப்புறம் எம்.எட்.ல சீட் கூட்டணும், ஸ்மார்ட் கிளாஸ்ரூம், வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட எம்ஓயூ (ஒப்பந்தம்), ஸ்கோபஸ் பட்டியல்ல வர்ற ஆராய்ச்சி பேப்பர் வருஷத்துக்கு இத்தனைன்னு வரிசையா எழுதிட்டே போனோம். எழுதும்போது எல்லாம் சரியாதான் தெரிஞ்சுது.

தடுமாறினது வேற இடத்துல. பி.எட். எத்தனை வருஷப் படிப்புங்கறதே நிலையா இல்ல. நான் படிச்சப்போ ஒரு வருஷம். 2015-16ல இருந்து ரெண்டு வருஷம் ஆச்சு. 2020ல வந்த தேசிய கல்விக் கொள்கை 2030க்குள்ள டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்த நாலு வருஷ இன்டக்ரேட்டட் படிப்புதான் குறைஞ்சபட்ச தகுதின்னு சொல்லுது, நம்ம மாநில அரசு அந்தக் கொள்கையையே ஏத்துக்கல, இதுக்கு நடுவுல நாங்க 2028 வரைக்கும் பிளான் எழுதணும். (2025 பிப்ரவரில என்சிடிஇ விட்ட டிராஃப்ட்ல மறுபடி ஒரு வருஷ பி.எட். பேச்சு வந்துச்சு, அது தனிக்கதை.) நாலு வருஷ கோர்ஸுக்கு அப்ளை பண்ணலாமா வேணாமான்னே ஒரு முழு மதியம் போச்சு, முடிவு வரல.

2023 ஆகஸ்ட்லயே, 11ம் தேதி, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, பி.எட். முடிச்சவங்க தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆக முடியாதுன்னு. சின்னக் குழந்தைகளுக்கு சொல்லித் தர்றதுக்கான பயிற்சியே பி.எட்.ல கிடையாது, அதுக்குத்தான் டிப்ளமோ படிப்பு தனியா இருக்குன்னு கோர்ட் சொன்ன காரணம் எனக்கு நியாயமாதான் பட்டுச்சு. சரி, நமக்கு ஆறாவதுக்கு மேலதான்னு கமிட்டில ஒரே வரியில முடிச்சுட்டு அடுத்த பாயிண்ட்டுக்கு போயிட்டோம்.

செப்டம்பர்ல இன்டர்ன்ஷிப் அப்சர்வேஷனுக்கு போனேன். பி.எட்.ல மொத்தம் 20 வாரம் பள்ளிக்கூடத்துல இருக்கணும், முதல் வருஷம் 4, ரெண்டாவது வருஷம் 16. பிள்ளைங்க அந்த 16 வாரத்துல இருந்த நேரம். டவுன்ல இருந்து ஒரு மணி நேரம் பஸ்ல போற அரசு உயர்நிலைப்பள்ளி. ஏழாம் கிளாஸ், தமிழ் பாடம், எங்க மாணவி எடுத்துட்டு இருந்தா. லெசன் பிளான் ரெக்கார்டு அவ்ளோ அழகா எழுதியிருந்தா, சிவப்பு மார்ஜின் போட்டு, ஊக்குவித்தல், பாடக்கூறு, மதிப்பீடுன்னு எல்லாம் கட்டம் கட்டமா, தெர்மாகோல்ல ஒட்டின படம் வேற. அதுல ஒரு வரி, "மாணவர் பாடப்பகுதியை வாசிப்பர்."

மூணாவது பெஞ்சுல ஒரு பையனை எழுப்பி வாசிக்க சொன்னா. அவன் புத்தகத்துல விரலை வச்சுட்டு நிக்கறான். ப, ட, ம் எல்லாம் வருது, கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வந்தா நின்னுடறான், கொ-வையும் கோ-வையும் விட்டுட்டு அடுத்த எழுத்துக்கு தாவறான். பக்கத்துல இருக்கறவன் மெதுவா சொல்லிக் குடுக்கறான், இவன் அதை திருப்பி சொல்றான். நாலு வரி அப்படியே போச்சு. நல்லா வாசிச்சடான்னு சொல்லி அவ உக்கார வச்சுட்டா, ஏன்னா பீரியட் முடியறதுக்குள்ள மதிப்பீடு வரைக்கும் போகணும், பின்னாடி நான் மார்க் ஷீட்டோட உக்காந்திருக்கேன்.

வெளில வந்ததும் வராண்டாலயே கேட்டா, "மேம், அவனுக்கு வாசிக்க எப்படி சொல்லிக் குடுக்கறதுன்னு நமக்கு எந்த பேப்பர்ல வருது மேம்?"

எந்த பேப்பர்லயும் வரலம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல. எழுத்து சொல்லித் தர்றது டிப்ளமோ படிச்சவங்க வேலை, அந்தப் பையன் அதைத் தாண்டி ஏழாவதுக்கு வந்துட்டான், இப்ப அவன் முன்னாடி நிக்கறது பி.எட். டீச்சர்தான். எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ், கொரோனால ரெண்டு வருஷம் வகுப்பே ஒழுங்கா நடக்கல, இவனோட நாலாவதும் அஞ்சாவதும் அதுலயே போயிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் அடிப்படைல இருந்து சொல்லித் தர்ற அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்தப்போ ஒண்ணுல இருந்து மூணாவது வரைக்கும்தான், இவன் அதுக்கும் முன்னாடியே தாண்டிட்டான். கோர்ட் சொன்ன கோடு சட்டத்துக்கு சரி. அந்த வகுப்பறைல அந்தக் கோடு இல்ல.

அப்புறம் ஹெச்.எம். ரூம்ல டீ குடுத்தாங்க. ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கற அம்மா. நானா பேச்சை எடுத்தேன், நாங்க அஞ்சு வருஷ பிளான் போடறோம் மேடம், எங்க துறைகிட்ட என்ன எதிர்பார்க்கறீங்கன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "வருஷா வருஷம் பிள்ளைங்கள அனுப்பறீங்க, நானும் சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆர்டர் வந்தா சேத்துக்கறேன். பத்தாவது நான் குடுக்க முடியாது, பப்ளிக் எக்ஸாம், ரிசல்ட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும். அதனால லீவு போட்ட டீச்சர் கிளாஸ்க்கு அனுப்பறேன், தப்புதான், வேற வழி தெரியல. உங்க பிள்ளைங்க ராத்திரி முழுக்க ரெக்கார்டு எழுதிட்டு காலைல தூங்கி வழிஞ்சுட்டு வராங்க மேடம். அந்த நேரத்துல எனக்கு ஆளுக்கு அஞ்சு பசங்கள பிடிச்சு வாசிக்க வச்சா போதும். உங்க ஊர்ல இருந்து யாரும் இதை என்கிட்ட கேட்டதில்ல."

பஸ்ல வரும்போது எங்க டிராஃப்டை போன்ல திறந்து பார்த்தேன். 34 பக்கம். பள்ளிக்கூடம்ங்கற வார்த்தை ஒரே ஒரு இடத்துல இருந்துச்சு, அதுவும் இன்டர்ன்ஷிப் எத்தனை பள்ளில நடக்குதுன்னு எண்ணிக்கை சொல்ற டேபிள்ல. டாக்டருக்கு படிக்கறவங்க காலேஜ்னா ஆஸ்பத்திரி இல்லாம பிளான் போடுவாங்களா? நாங்க போட்டிருந்தோம், அதை டைப் பண்ணினதும் நான்தான். அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல.

அடுத்த மீட்டிங்ல இதை சொன்னப்போ யாரும் எதிர்க்கல, ஆனா நடைமுறை கேள்வி எல்லாம் நியாயமா வந்துச்சு. ஸ்கூலுக்கு போற நேரம் ஒர்க்லோடுல சேருமா? பஸ் காசு யாரு குடுப்பா? ப்ரொமோஷனுக்கு பேப்பர் கேப்பாங்க, ஏழாம் கிளாஸ் பையன் வாசிச்சதுக்கு என்ன மார்க்? கடைசி கேள்வி கேட்டவர் எங்க சீனியர் சார், கோபமா கேக்கல, உண்மையிலேயே கவலைப்பட்டு கேட்டார், அவர்கிட்ட வேலை பாக்கற ஜூனியர்ங்களுக்காக. அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. இப்படி ஒரு வேலைய பிளான்ல எழுதறது சுலபம், அதுக்கு நேரத்தையும் அங்கீகாரத்தையும் யூனிவர்சிட்டி ஒதுக்கலன்னா அது தனிப்பட்ட ஆளுங்களோட நல்ல மனசுல தொங்கிட்டு இருக்கும், யாராவது ஒருத்தர் மாறினா அறுந்துடும். இதை நான் அந்த மீட்டிங்லயும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

கடைசில மூணு விஷயம் உள்ள போச்சு. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ரெண்டு பள்ளி, வருஷம் முழுக்க, மாசம் ஒரு நாள் போகணும், டைம்டேபிள்லயே அந்த நாள் காலியா விடணும். என்சிடிஇ பாடத்திட்டத்துல ஈபிசின்னு ஆசிரியரோட தொழில்திறனை வளர்க்கறதுக்கு நாலு பேப்பர் இருக்கு, அதுல முதலாவது வாசிப்பு பத்தினது, அதை நாங்க கட்டுரை படிச்சு விமர்சனம் எழுதறதாவே நடத்திட்டு இருந்தோம், இப்ப அதுல பாதி நேரம் பெரிய பசங்களுக்கு முதல்ல இருந்து எழுத்து சொல்லித் தர்றது எப்படின்னு மாத்தினோம், பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல அதுக்கு ஒப்புதல் வாங்கறதுக்கே ரெண்டு கூட்டம் ஆச்சு. அதுக்கு வகுப்பு எடுக்க மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல (டயட்) இருந்து ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையை கூப்பிட்டோம், அவங்க மணல் தட்டும் எழுத்து அட்டையும் கொண்டு வந்து எடுத்த அந்த ரெண்டு மணி நேரம் மாதிரி ஒரு கிளாஸ் நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. மூணாவது, முழுசா எழுதற லெசன் பிளான் எண்ணிக்கையை குறைச்சு, மிச்ச நேரத்துக்கு ஆளுக்கு அஞ்சு பிள்ளைங்க, வாரா வாரம் அவங்க எங்க நிக்கறாங்கன்னு ஒரு சின்ன நோட்டு.

வெளிநாட்டு எம்ஓயூவும் பிளான்ல இருக்கு. அது நடக்கட்டும், எனக்கு அதுல வருத்தம் இல்ல.

முதல் வருஷம் நோட்டு ஒழுங்கா வந்தது 40 பேர்கிட்டதான். மத்தவங்க கடைசி வாரம் உக்காந்து ஒரே பேனால எழுதியிருந்தாங்க, பார்த்தாலே தெரிஞ்சுது. ரெண்டு பள்ளில ஹெச்.எம். டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்ல மாறிப் போயிட்டாங்க, மறுபடி முதல்ல இருந்து அறிமுகம். ஆனா அந்த மாணவி, வராண்டால கேட்டவ, அவ நோட்டை நான் திருப்பிக் குடுக்காம வச்சிருக்கேன். ஒன்பதாவது வாரத்துல, "இன்னிக்கு கோழி, கோவில் ரெண்டும் தானா வாசிச்சான். கௌ இன்னும் வரல"ன்னு எழுதியிருக்கா.

இந்த வருஷம் அந்தப் பள்ளிக்கு ஆறு பேர் போறாங்க. இன்னும் ரெண்டு பள்ளிக்கு சிஇஓ ஆர்டர் வரல, நாளைக்கு நானே ஆபீஸுக்கு போயிட்டு வரணும்.