ஊட்டியில் கூடைப்பந்து ஆடும்போது பெஞ்சிலிருந்து ஆளை எப்போது இறக்குவது?

களைத்த பிறகு ஆளை மாற்றுவது சமவெளியில் ஒருவேளை சரிப்படும். ஊட்டியில் சரிப்படாது. இங்கே உயரம் சுமார் 2,240 மீட்டர். கோவை 400 மீட்டர் சொச்சம்தான். கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, மதியம் களத்தில் இறங்கும் பையன் உடம்பு அதற்குப் பழகியிருக்காது. கீழே ஏழெட்டு நிமிடம் தாங்குபவன் இங்கே நான்கிலேயே கூடத் திணறலாம். திணறவிட்டு உட்கார வைத்தால் மூச்சு சமனாகவும் கூடுதல் நேரம் பிடிக்கும். "என்னால முடியும் சார்" என்று அவன் சொல்லத்தான் செய்வான். மூன்று, மூன்றரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

முட்டியில் கை வைத்துக் குனிகிறான் என்றால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். அதற்கு முன்பே இரண்டு அறிகுறி தெரியும். டிஃபென்ஸில் கால் நகராமல் கை மட்டும் நீளும். அப்படி நீளும் கைதான் தேவையில்லாத ஃபவுல் வாங்கித் தரும். இன்னொன்று, ஷாட் வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழும். குறி தப்பவில்லை, காலில் தெம்பு இல்லை.

ஆனால் நினைத்த நொடியில் மாற்ற முடியாது. ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி பந்து ஆட்டத்தில் இல்லாமல் 'டெட்' ஆகி, கடிகாரமும் நின்றிருக்க வேண்டும். கூடை விழுந்தால் கடிகாரம் நிற்காது. நான்காம் குவார்ட்டரிலும் (ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி) ஓவர்டைமிலும் கடைசி 2 நிமிடத்தில் மட்டும் நிற்கும், அப்போதும் கூடையை விட்டுக்கொடுத்த அணிதான் முதலில் மாற்றம் கேட்கலாம். விசில் வராமல் இரண்டு நிமிடம் ஆட்டம் ஓடிவிடுவது சாதாரணம். அதனால் மூன்றாவது நிமிடத்தில் மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது நிமிடத்திலேயே ஆள் ஸ்கோரர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். கேட்க வேண்டியதும் அவன்தான், கோச் இல்லை. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்) என்றால் முதல் ஷாட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கடைசி ஷாட் உள்ளே போனால்தான் அடுத்த வாய்ப்பு. தவறினால் ஆட்டம் அப்படியே தொடரும்.

முக்கியமான ஆட்டக்காரனுக்கு ஓய்வு தர நல்ல இடம் குவார்ட்டர் முடிவு. முதல் குவார்ட்டரில் ஒன்றரை நிமிடம் இருக்கும்போது எடுங்கள். நடுவில் வரும் விசில்களும் 2 நிமிட இடைவேளையும் சேர்ந்து அவனுக்கு நாலைந்து நிமிடம் கிடைக்கும். ஆட்டத்தில் இழந்தது ஒன்றரைதான். மூன்றாம் குவார்ட்டர் முடிவிலும் இதையே செய்யலாம்.

பெஞ்சில் இருப்பவன் விஷயத்தில்தான் மலைக்கு வரும் அணிகள் அதிகம் சறுக்குகின்றன. மாலை நாலரைக்கு மேல் வெயில் இறங்கியதும் உடம்பு விறைக்கத் தொடங்கும். ஜெர்கினோடு இருபது நிமிடம் உட்கார்ந்தவனை அப்படியே எழுப்பி அனுப்பினால் முதல் பாஸே கையிலிருந்து நழுவும், தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். பெஞ்சில் சூடான டீ நல்லது. கூடவே வர்க்கி வேண்டாம், ஓடும்போது வயிற்றில் கனக்கும். இறக்க மூன்று நிமிடம் இருக்கும்போதே பெஞ்சுக்குப் பின்னால் எழுப்பி விடுங்கள்: முட்டி உயர்த்தி அரை நிமிடம் ஓட்டம், பக்கவாட்டில் பத்துப் பத்து அடி சறுக்கல் நடை, குதிகால் உயர்த்தல் இருபது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கட்டும். ஜெர்கினை மேசைக்குப் போகும்போது கழற்றினால் போதும். வெளியே வருபவனுக்கு முதலில் துண்டு, பிறகு அதே ஜெர்கின். வியர்வையோடு காற்றில் உட்கார விடாதீர்கள்.

ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் மாற்ற வேண்டாம், பந்து கொண்டுபோகும் இருவரில் ஒருவர் எப்போதும் களத்தில் இருக்கட்டும். ஐந்து ஃபவுலில் வெளியேற்றம் என்பதால் முதல் குவார்ட்டரில் இரண்டு, பாதிக்குள் மூன்று வாங்கியவனை உட்கார வைப்பது வழக்கம். அதற்காகப் பாதி ஆட்டத்தையும் பெஞ்சிலேயே கழிக்க வைப்பது, நடுவர் தராத தண்டனையை நாமே தருவது. குவார்ட்டரில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், கை நீளும் ஆளை இறக்காதீர்கள். ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

கடைசி இரண்டு நிமிடத்தில் முன்னிலையில் இருந்தால் கடிகாரத்தை நிறுத்த எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். உங்களிடம் ஃப்ரீ த்ரோ நன்றாகப் போடுபவன் பெஞ்சில் இருந்தால், நான்கு நிமிடம் இருக்கும்போதே இறக்குங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நிற்பதற்குள் அவன் விரல்களில் சூடு ஏறியிருக்க வேண்டும்.