ஓட்டத்துக்கு ஷூ வாங்கும்போது விரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள்

கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். உள்ளே இரண்டு விரலை விட்டு அமுக்கிப் பார்ப்பார்கள். "மெத்துன்னு இருக்கு" என்று பட்டுவிட்டால் பில் போடச் சொல்லிவிடுவார்கள். அந்த விரல் தொட்டது இன்சோலை மட்டும்தான், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பஞ்சுத் தகட்டை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலுக்குள் ஏறுகிறது. பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவர் ஏறக்குறைய பத்தாயிரம் அடி வைக்கிறார், ஒரு காலுக்கு ஐயாயிரம். இவ்வளவையும் வாங்கிக்கொள்வது இன்சோலுக்குக் கீழே, ஷூவின் பக்கவாட்டில் தடித்துத் தெரிகிற மிட்சோல். மெமரி ஃபோம் இன்சோல் போட்ட ஷூ கடையில் பத்து நிமிடம் சொகுசாக இருக்கும். ஆனால் குதிகால் படும் இடம் சீக்கிரமே பள்ளமாகிவிடும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்சோலுக்கு வேறொரு பயன் உண்டு. அதை ஷூவிலிருந்து உருவித் தரையில் போட்டு, குதிகாலை அதன் பின்விளிம்போடு சேர்த்து, முழு எடையையும் ஊன்றி நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவு மிச்சம் இருக்க வேண்டும். சிலருக்கு நீளமான விரல் பெருவிரல் அல்ல, அதற்கு அடுத்தது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுண்டுவிரல் பக்கம் குனிந்து பாருங்கள். சதை இன்சோலைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு அகலம் போதாது.

இந்த இடத்தில்தான் பலரும் தப்புச் செய்கிறார்கள். அகலம் போதவில்லை என்றால் ஒரு சைஸ் நீளமாக எடுத்துவிடுவார்கள். முன்பக்கம் நிம்மதியாக இருக்கும், ஆனால் குதிகால் உள்ளே ஏறி இறங்கும், இரண்டாவது வாரம் கொப்புளம் வரும். கூட வேண்டியது நீளம் அல்ல, அகலம். ஆண்களுக்கான சாதாரண அகலம் டி, அதற்கு மேல் 2ஈ, 4ஈ. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி, அகலமானது டி. நியூ பேலன்ஸ், புரூக்ஸ், ஆசிக்ஸ் ஆகியவை பல மாடல்களை இப்படித் தனித்தனி அகலங்களில் செய்கின்றன. கடையில் வைத்திருப்பது அபூர்வம், கேட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். அகலமான பாதமுள்ள பெண்கள் அதே சென்டிமீட்டர் அளவில் ஆண்கள் மாடலைப் போட்டுப் பார்க்கலாம், அதன் சாதாரண அகலமே டி. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் ஊர்க் கால்களுக்கு முன்பாதம் அகன்றிருப்பது இயல்பு. அதை ஒரு குறையாக நினைத்து இறுக்கமான ஷூவுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

சைஸ் எண்ணை நம்பாதீர்கள். யூகே 8 என்று இரண்டு பெட்டியில் போட்டிருந்தாலும் அடிடாஸில் அது 26.5 செ.மீ., நைக்கியிலும் ஆசிக்ஸிலும் 27 செ.மீ. லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூ நாக்கின் உட்புறத்தில் தைத்திருக்கும் லேபிளில் சென்டிமீட்டர் எண் இருக்கும், சிலவற்றில் ஜப்பான் அளவு என்று இருக்கும். ஒப்பிடுவதற்கு அதுதான் உதவும். பாதத்தை அளக்க வேண்டிய நேரம் சாயங்காலம், பாதம் நாள் முழுக்க நடந்து சற்று வீங்கியிருக்கும்போது. ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். சுவரில் குதிகாலை ஒட்டி, காகிதத்தின் மேல் நின்று, ஓட்டத்துக்குப் போடும் அதே சாக்ஸோடு இரண்டு காலையும் அளந்து, பெரிய காலை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு அரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கூட்டி வரும் எண்ணிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கலாம்.

இனி மிட்சோல். 1975-ல் புரூக்ஸ் ஓட்ட ஷூவில் ஈவிஏ என்ற நுரைப்பொருளைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் பெரும்பாலான ஷூக்களில் அதுவோ அதன் கலவையோதான். விலை குறைந்த ஷூக்களில் ஃபைலான் என்று எழுதியிருப்பதும் அச்சில் அழுத்திய ஈவிஏதான். எடை குறைவு, விலை குறைவு, ஆனால் நாளாக ஆகத் தட்டையாகிக் கெட்டிப்படும். 2013-ல் அடிடாஸ் பூஸ்ட் என்று கொண்டுவந்தது டிபியூ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கின் மணிகளை உருக்கி ஒட்டிய வகை. கனம் அதிகம், உழைப்பும் அதிகம். 2017-ல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை பந்தய ஷூவோடு பரவலான பீபா என்ற நுரை மிக லேசானது, நன்றாகத் துள்ளும், விலையும் அதற்கேற்ப. அது பந்தய நாளுக்கானது. வாரம் மூன்று நாள் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. நைட்ரஜன் வாயு ஏற்றிய ஈவிஏ கலவை தாராளமாகப் போதும்.

தடிமன் இப்போது ரொம்பவே கூடிவிட்டது. தடித்த அடி கொண்ட ஷூக்களுக்குப் பேர்போன ஹோகா நிறுவனம் 2009-ல் பிரான்ஸின் அன்னெசியில் தொடங்கியபோது வெறுங்கால் போன்ற மெல்லிய ஷூதான் பேச்சாக இருந்தது. இன்றைக்கு ஆசிக்ஸ் நிம்பஸ் போன்ற தினசரி ஷூக்களே குதிகாலில் 40 மி.மீ.-ஐத் தாண்டுகின்றன. மேல்மட்டச் சாலைப் பந்தயங்களுக்கு உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பே அந்த 40 மி.மீ.தான்.

மெத்தென்ற நுரை தேவையா என்றால், பலருக்கும் தேவை என்றே சொல்வேன். லக்சம்பர்க்கில் 848 ஓட்டக்காரர்களுக்கு, பார்க்க ஒரே மாதிரியான, நுரையின் கடினம் மட்டும் வேறான ஷூக்களைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். 2020-ல் வந்த முடிவில், கடின ஷூ போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம். "நான் ஒல்லி, எனக்கெதுக்குக் குஷன்" என்பது சரியான வாதம் அல்ல. கனமான உடம்புக்கு வேறு சிக்கல்: மிக மிருதுவான நுரை முழுவதுமாக அமுங்கி, அதற்கு மேல் அமுங்க இடமில்லாமல் தரையைத் தட்டும். அவர்களுக்கு மிருதுவைவிடத் தடிமனும் கொஞ்சம் உறுதியும் வேண்டும்.

உயரமான நுரையில் இன்னொரு ஆபத்து, கால் பிரளுவது. ஷூவை மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். அடிப்பாகம் மேல்பாகத்தைவிட அகன்று, பானை மனையில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். குதிகாலைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தை இரு விரலால் நசுக்கினால் உடனே மடங்கக் கூடாது. பிறகு போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் இருபது விநாடி நில்லுங்கள். கணுக்கால் ஓயாமல் ஆடினால், எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் அதை வைத்துவிடுங்கள்.

டிராப் என்பது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியில் உள்ள உயர வித்தியாசம், பூஜ்யத்திலிருந்து 12 மி.மீ. வரை இருக்கும். அது குறையக் குறையச் சுமை முழங்காலிலிருந்து இறங்கிக் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் போகும். 10 மி.மீ.-இல் பழகியவர் ஒரே நாளில் 4 மி.மீ.-க்கு மாறினால் மறுநாள் படியிறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மாறத்தான் வேண்டுமென்றால் சில வாரங்களுக்குப் புதியதைச் சின்ன ஓட்டங்களுக்கு மட்டும் போடுங்கள்.

கடையில் இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, பத்து நிமிடம் நடங்கள். கொஞ்சம் ஓடிப் பார்க்கவும் கேளுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். "போகப் போகச் சரியாயிடும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்ட ஷூ முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். குதிகால் மட்டும் லேசாக நழுவினால், ஷூவை ஒதுக்குமுன் மேலே சும்மா விட்டிருக்கும் கடைசி ஓட்டையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. கால் நகம் கறுத்துப் போவதற்கும் பல நேரம் இந்த நழுவல்தான் காரணம், பாதம் முன்னால் சறுக்கி விரல் முட்டுகிறது.

தள்ளுபடியில் வாங்கும்போது பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கரில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் படியுங்கள். நுரை பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். அதிலும் பாலியூரித்தேன் அடி கொண்ட ஷூக்கள் நம் கடலோர ஈரக்காற்றில் சில வருடம் சும்மா கிடந்தாலே, ஒருநாள் எடுத்துப் போட்டதும் ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்துவிடும்.

ஒரு ஜோடியின் ஆயுள் 500-லிருந்து 800 கிலோமீட்டர். அடி ரப்பர் தேயவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள், முதலில் போவது நுரை. மிட்சோலின் பக்கவாட்டில் குறுக்குக் கோடுகள் விழுந்து, காலை எடுத்த பிறகும் மறையாமல் நின்றால், அல்லது மேஜையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அதன் வேலை முடிந்தது. முதல் ஓட்டத்தின் தேதியை இன்சோலின் அடியில் பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

மழையில் நனைந்தால் வாஷிங் மெஷினும் வேண்டாம், மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். சூட்டில் பசை விடும், நுரை சுருங்கும். இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை தாளை மாற்றி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது ஒரே இரவில் காயாது. அதற்காகவாவது இரண்டு ஜோடி வைத்திருப்பது நல்லது. 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த இன்னொரு லக்சம்பர்க் ஆய்வில், ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாவது ஜோடி ஒரே மாடலாக இல்லாமல், வேறு டிராப், வேறு நுரையாக இருக்கட்டும். அப்போதுதான் காலின் ஒரே இடத்தில் தினமும் சுமை விழாது.