காலிப்பருக்குள் முறிந்துபோன ப்ளீடர் ஸ்க்ரூ

ப்ரேக் ஆயில் மாற்றும் வேலைதான். காலையில் தொடங்கி மதியத்திற்குள் முடிந்திருக்க வேண்டியது, முன்சக்கரத்தின் ப்ரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் ஒன்றில், பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் ப்ளீடர் ஸ்க்ரூ முறிந்ததால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது.

முறிந்ததற்கு என் அவசரமே காரணம். அந்த ஸ்க்ரூவின் ரப்பர் மூடி எப்போதோ விழுந்துவிட்டதால், தண்ணீர் இறங்கி மரையில் துரு ஏறியிருந்தது. முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, அறுமுனை பாக்ஸ் ஸ்பேனரால் இறுக்கும் திசையிலும் கழற்றும் திசையிலும் மாறி மாறி மெல்ல அசைத்திருக்க வேண்டும். நான் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை மாட்டி ஒரே மூச்சில் இழுத்தேன். இந்த ஸ்க்ரூவின் நடுவில் ஆயில் வெளியேறும் துளை ஓடுவதால் அதன் சுவர் மிக மெல்லியது என்பதை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. ஸ்பேனர் திடீரென்று லேசானது. கையோடு வந்தது தலைப்பகுதி மட்டும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. உடைந்த ஸ்க்ரூக்களை எடுக்கும் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரைத் துளைக்குள் தட்டி இறக்கித் திருகினேன். கூம்பு உள்ளே போகப் போக மெல்லிய சுவர் வெளிப்புறமாக விரிந்து, மரை முன்னைவிட இறுகிவிட்டது. எக்ஸ்ட்ராக்டர் முறுகத் தொடங்கியதை உணர்ந்து கையை எடுத்தேன். கடினப்படுத்திய அந்த எஃகு உள்ளே முறிந்திருந்தால் சாதாரண ட்ரில் பிட் அதைத் தொட்டிருக்கவே முடியாது. காலிப்பரையே மாற்ற நேர்ந்திருக்கும்.

சூடேற்றும் யோசனையைக் கைவிட்டேன். பிஸ்டனின் ரப்பர் சீல் அருகிலேயே இருக்கிறது. ப்ரேக் ஆயிலும் தீப்பற்றக்கூடியது. சூடேற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் பிஸ்டனையும் சீலையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். குளோரின் கலந்த ப்ரேக் க்ளீனரை அடித்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ கூடவே கூடாது. அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

இறுதியில் கைகொடுத்தது இடதுசுற்று ட்ரில் பிட், அதாவது ஸ்க்ரூவைக் கழற்றும் திசையிலேயே சுழன்று துளையிடும் பிட். காலிப்பரைக் கழற்றி வைஸில் பிடித்து, உடைந்த துண்டை மற்றப் பக்கத்தின் முழு ஸ்க்ரூவோடு வைத்து அளந்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டேன். இந்த அளவைத் தவிர்க்கவே கூடாது. ஸ்க்ரூவின் கூம்பு நுனி உட்காரும் சீட் துளையின் அடியில் இருக்கிறது. பிட் அதைக் கீறினால் எந்தப் புது ஸ்க்ரூவும் ஒழுகலை நிறுத்தாது. பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே இருந்த துளையையே வழிகாட்டியாக வைத்து 4, 5 மி.மீ. என்று பெரிதாக்கினேன். 6 மி.மீ. பிட்டை எதிர்த்திசையில் மெதுவாக ஓட்டியபோது அது துண்டைக் கவ்விக்கொள்ள, துருப்பொடி உதிர உதிர அந்தத் துண்டு பிட்டோடு சுழன்று மேலே ஏறி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சீட்டின் வளையம் கீறலின்றி மின்னியது. அந்த நிம்மதியில் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புது ஸ்க்ரூ வாங்கப் போனதில் ஒரு நடை வீண். கடைக்காரர் கண்ணளவிலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டு சுற்றில் அது இறுகி நின்றது. இரண்டுமே 8 மி.மீ. தடிமன்தான், ஆனால் பிட்ச், அதாவது மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி, என்னுடையதில் 1.25 மி.மீ., அவர் கொடுத்ததில் 1.0 மி.மீ. பலம் கொடுத்துத் திருகியிருந்தால் காலிப்பரின் மரை போயிருக்கும். பழைய ஸ்க்ரூவைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், மரையோடு மரை பொருத்திப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

மரை வெட்டும் கருவியால் (tap) காலிப்பரின் மரையைச் சுத்தம் செய்து, உலோகத் துகள் ஒன்றுகூடத் தங்காதபடி புது ப்ரேக் ஆயிலால் கழுவி, ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர்கள் போட்டு மாட்டினேன். காற்று நீக்கும் வேலை வழக்கம்போல் முடிந்தது. பிறகு ஸ்க்ரூவைச் சுற்றி டிஷ்யூ காகிதம் கட்டி, ஒருவரைப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். காகிதத்தில் ஈரமே இல்லை. அதன் பிறகுதான் ரப்பர் மூடியைப் போட்டேன்.