தைப்பதற்கு முதல் கூலி

நேற்று ஒரு ஓடரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புடவைக்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு முப்பது சாரி பிளவுஸ் கேட்டார், அதுவும் நான்கு நாளில். விலையைக் கூட்டித் தருவதாகவும் சொன்னார்.

வெள்ளவத்தையில் எங்கள் தையலறையில் மெஷின் மூன்று, ஓவர்லொக் ஒன்று. லைனிங் வைத்த ஒரு பிளவுஸை வெட்டி, தைத்து, ஹூக் வைத்து, அயர்ன் பண்ணி முடிக்க, கைதேர்ந்தவருக்கே நான்கு மணித்தியாலம் போகும். முப்பது பிளவுஸ் என்றால் மூன்று பேரையும் இரவிலும் இருத்த வேண்டும். "பிள்ளை, கொஞ்சம் முழிச்சிருந்தா முடிச்சுப்போடலாம்" என்றார் மூத்த அக்கா. அவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். அதனால்தான் இந்த விஷயத்தை அவரிடம் விடாமல் நானே முடிவெடுக்கிறேன்.

2013இல் நான் கட்டுநாயக்காவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை செய்தேன். லைனுக்கு முன்னால் ஒரு பலகை, அதில் மணிக்கு மணி டார்கெட். அந்த ஏப்ரல் 24ஆம் திகதி, பங்களாதேஷில் டாக்காவுக்குப் பக்கத்தில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதல் நாளே கட்டடத்தில் வெடிப்பைக் கண்டு, கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தைக்கிற பிள்ளைகளை மட்டும் அடுத்த நாள் வேலைக்கு ஏற்றினார்கள். ஓடர் பிந்தக்கூடாதாம். அந்தச் செய்தியைப் பார்த்த இரவு எங்கள் போடிங்கில் ஒருவரும் சாப்பிடவில்லை.

சொந்தமாகத் தொடங்கியபோது ஒரு விஷயம் விளங்கியது. துணிக்கடைக்காரர் விலையைக் குறைக்கமாட்டார். கரண்ட் பில் குறையாது. வாடிக்கையாளர் பேரம் பேசினால் கை வைக்க இலகுவான இடம் தையல் கூலிதான். அதனால் நான் விலை போடும்போது கூலியைத்தான் முதலில் எழுதுகிறேன், துணியும் நூலும் அதற்குப் பிறகு. பில்லிலும் கூலி தனி வரியில் இருக்கும். பில்லில் அந்த வரியைப் பார்த்தவர்கள் பலர் பேரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், சரி, போகட்டும்.

மூத்த அக்கா எங்களிடம் வருவதற்கு முதல் பத்தொன்பது வருஷம் துண்டுக் கணக்கில் தைத்தவர். துண்டுக் கணக்கில் தைப்பவர்களுக்கும் ஊழியர் சேமலாப நிதி, அதாவது வயது போன காலத்துக்கான சேமிப்பு, சட்டப்படி உண்டு. அவருக்கு ஒருவரும் கட்டவில்லை. அவருடைய சம்பளத்தில் 8 வீதம், எங்கள் பக்கத்தில் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம் என்று நான் கணக்குச் சொன்னபோது, அவர் படிவத்தைத் தொடவில்லை. கையில் மெஷின் எண்ணெய் இருந்தது. எழும்பிப்போய் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சாரித் தலைப்பில் துடைத்துவிட்டு வந்துதான் கையெழுத்து வைத்தார்.

அந்தக் கடைக்காரரிடம் தைப்பொங்கலுக்கு வேண்டியதை நவம்பரிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.