நோட்டுப் புத்தகத்தில் ஒரு அரசியலமைப்பு

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் ஒரு கற்பனை நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதுவேன். இரண்டு அவைகள், ஐந்து வருடப் பதவிக்காலம், தனி நீதிமன்றம் எல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டன. வாக்குமுறையில்தான் மாட்டிக்கொண்டேன்.

9 வாக்காளர்கள், அ, ஆ, இ என்று மூன்று வேட்பாளர்கள். 4 பேரின் விருப்ப வரிசை அ, இ, ஆ. 3 பேருக்கு ஆ, இ, அ. மீதி 2 பேருக்கு இ, ஆ, அ. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் 'அ' ஜெயிக்கிறார். கடைசி ஆளை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால் 5க்கு 4 என்று 'ஆ'. இருவர் இருவராக மோதவிட்டாலோ 'இ' மற்ற இருவரையும் தோற்கடிக்கிறார். அதே 9 சீட்டுகள்! நம்பாமல் மறுபடி கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது வழி 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணித அறிஞர் கோந்தொர்சே சொன்னது. ஆனால் சில சமயம் முதலாமவர் இரண்டாமவரை, இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் முதலாமவரை என்று, யாரும் எல்லோரையும் வெல்லாமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். நியாயமான சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை முறையே கிடையாது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951இல் நிரூபித்தும் விட்டார்.

சரி, எனக்கு இரண்டாவது வழி போதும். ஆஸ்திரேலியா 1918இல் அதைச் சட்டமாக்கி இன்றும் ஓட்டுகிறது.

அப்புறம், நியூசிலாந்து 1950இல் சட்டம் போட்டு மேலவையையே ஒழித்ததைப் படித்தேன். என் முதல் பக்கத்தையும் கிழித்தாயிற்று.