கிரீன்ஸ்பரோவிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு பஸ்

பஸ் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும் என்று சொல்லியிருந்தார்கள், ஐந்து மணிக்கே எல்லோரும் வந்து நின்றார்கள். மார்ச் மாதக் குளிர், விடியாத பார்க்கிங். ஆளுக்கு ஒரு சூட்கேஸ், அது போக கசங்காமல் உயர்த்திப் பிடித்த ஒரு கோட் உறை. சூட்கேஸை வாங்கி டிரைவர் கீழே தள்ளியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்த உறையை மட்டும் ஒருவரும் அவர் கையில் கொடுக்கவில்லை. அட்லாண்டா போய்ச் சேரும்வரை அத்தனையும் தலைக்கு மேலே கம்பியில் தொங்கி, வளைவு வரும்போதெல்லாம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்துகொண்டே வந்தன. எனக்கு முன் சீட்டில் இருந்த முதலாம் ஆண்டுப் பையன் ஒவ்வொரு தடவையும் எழுந்து தன்னுடையதை நேராக்கிவிட்டு உட்கார்ந்தான். அது அவன் மாமாவின் கோட், அவர் கல்யாணத்துக்குத் தைத்தது என்று பிறகு சொன்னான்.

நாங்கள் போனது அமெரிக்கக் கருப்பினப் பொறியாளர்களின் சங்கமான நேஷனல் சொசைட்டி ஆஃப் பிளாக் எஞ்சினியர்ஸ் அமைப்பின் ஐம்பதாவது ஆண்டு மாநாட்டுக்கு. முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, நெஸ்பி என்பார்கள். 2024 மார்ச் 20 முதல் 24 வரை, அட்லாண்டாவில் ஜார்ஜியா வேர்ல்ட் காங்கிரஸ் சென்டரில். நான் நாகர்கோவில்காரன், வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ பக்கத்தில் எலக்ட்ரிக்கல் எம்.எஸ். படிக்கிறேன். நெஸ்பியில் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம், கருப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் நான் இந்த பஸ்ஸில் ஏறியதற்குக் காரணம் வேறு, அதைச் சொல்லிவிட்டுத்தான் பயணத்துக்குள் போக வேண்டும்.

எங்கள் டிபார்ட்மென்ட்டில் சர்க்யூட் லேபுக்கு நான் டி.ஏ., பாடம் நடத்த உதவும் மாணவன். முதல் வாரம் எல்லோரும் ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன். இருபத்து மூன்று பேர். இரண்டு நிமிஷத்தில் ஜோடிகள் அமைந்துவிட்டன, ஜன்னலோர மேசையில் ஒரு பெண் மட்டும் தனியாக நின்றாள். அந்த வகுப்பில் இருந்த ஒரே கருப்பினப் பெண் அவள்தான். ஒற்றைப்படை எண்ணிக்கை, யாராவது ஒருவர் மிஞ்சத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான், இருபத்து நான்கு ஆயிற்று. அவன் நேராகப் போய், ஏற்கெனவே இரண்டு பேர் இருந்த மேசையில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ரெசிஸ்டர்களை நிறப்பட்டை பார்த்துத் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், யாரையாவது சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "பரவாயில்லை, பழகிவிட்டது" என்றாள். சரி என்று நானும் நகர்ந்துவிட்டேன். நகர்ந்திருக்கக் கூடாது. அந்த 'பழகிவிட்டது' எத்தனை வகுப்புகளில், எத்தனை மேசைகளில் பழகியது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் அவளே வந்து கேட்டாள். எங்கள் கல்லூரி நெஸ்பி கிளைக்கு அவள்தான் செயலாளர், மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்த ஆள் வேண்டும், உதவ முடியுமா என்றாள். நாலு வாரம், வியாழன் இரவுகளில் உட்கார்ந்தோம். கடைசி வியாழனன்று, பஸ்ஸில் இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்றார்கள்.

சார்லட் நெருங்கும்போது விடிந்தது. கிளையின் தலைவி, மெக்கானிக்கல் கடைசி ஆண்டு, டிரைவரிடம் மைக்கை வாங்கி முதல் தடவை வருகிறவர்களுக்காகக் கதை சொன்னாள். இந்தியானாவில் பர்டூ பல்கலைக்கழகம், அறுபதுகளின் கடைசி. அங்கே பொறியியலில் முதல் ஆண்டு சேர்ந்த கருப்பின மாணவர்களில் நூற்றுக்கு 80 பேர் படிப்பை விட்டுப் போனார்கள். 1971-ல் எட்வர்ட் பார்னெட், ஃபிரெட் கூப்பர் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அப்புறம் வந்த ஆறு பேர், சிகாகோ சிக்ஸ் என்பார்கள், அதை நாடு முழுக்கக் கொண்டுபோக நினைத்தார்கள். அந்த ஆறு பேரில் ஆன்டனி ஹாரிஸ் என்பவர் அங்கீகாரம் பெற்ற 288 பொறியியல் கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதி, உங்களிடம் கருப்பின மாணவர்கள், பேராசிரியர்கள், சங்கங்கள் உண்டா என்று கேட்டார். 1975 ஏப்ரலில் பர்டூவில் நடந்த முதல் கூட்டத்துக்கு 32 கல்லூரிகளிலிருந்து 48 பேர் வந்தார்கள்.

"இந்த பஸ்ஸில் எத்தனை பேர் இருக்கிறோம்?" என்று கேட்டாள்.

"நாற்பத்து நாலு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னும் நாலு பேர் ஏறினால் அதுதான் முதல் மாநாடு."

பஸ் ஒரு கணம் அமைதியானது. எனக்கு அந்தக் கடித உறைகள்தான் கண்ணில் நின்றன. 288 விலாசம் எழுதி, 288 தபால்தலை ஒட்டி, பதில் வருமா வராதா என்று தெரியாமல் காத்திருந்த ஒரு மாணவர்.

ஐ-85 நெடுஞ்சாலையில் தென் கரோலினாவுக்குள் நுழைந்ததும் காஃப்னி என்ற ஊரில் பீச் பழ வடிவில் ஒரு தண்ணீர்த் தொட்டி வரும், பெயின்ட் அடித்து இலை காம்பு வரை அப்படியே பழம் மாதிரி இருக்கும். எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அதன் பிறகு ஜார்ஜியா எல்லை வரைக்கும் பஸ் மைக்கில் அறிமுகப் பயிற்சி நடந்தது. முப்பது விநாடிக்குள் பெயர், துறை, என்ன செய்தாய், என்ன வேலை தேடுகிறாய். தடுமாறினால் மொத்த பஸ்ஸும் கைதட்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமா கோட் பையன் ஐந்து தடவை சொன்னான். ஐந்தாவது தடவை தடங்கலே இல்லை.

அட்லாண்டாவில் அந்த வாரம் பைன் மரங்களின் மகரந்தம் கொட்டுகிற காலம். கார், படிக்கட்டு, பெஞ்சு எல்லாவற்றின் மேலும் மஞ்சள்தூள் தூவியது போல. கருப்பு ஷூ போட்டு நூறு அடி நடந்தால் மஞ்சள் ஷூ. மாநாட்டு மண்டபத்தின் பெரிய எஸ்கலேட்டர்களில் இறங்கும்போது ஒவ்வொருவரும் குனிந்து ஷூவைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்கள்.

தொடக்க நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெஸ்பி நாட்டை ஆறு ரீஜன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோஷம், கைதட்டும் தாளம். ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை பதில் கொடுக்கும், நெஞ்சுக்கூட்டில் அதிர்வு தெரியும். எங்கள் ஊர்த் திருவிழாவில் செண்டை மேளம் எதிரெதிரே நின்று வாசிக்கும்போதுதான் நான் அப்படி ஒரு அதிர்வை அனுபவித்திருக்கிறேன். அப்புறம் எல்லோரும் எழுந்து அமைப்பின் நோக்கத்தை ஒரே குரலில் சொன்னார்கள். படிப்பில் சிறந்து, தொழிலில் வென்று, தன் சமூகத்துக்கு நன்மை செய்யும், பண்பாட்டுப் பொறுப்புள்ள கருப்பினப் பொறியாளர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது. ஒரே வாக்கியம்தான். பார்க்காமல் சொல்கிறார்கள். மாநாட்டை நடத்துபவர்களும் பெரும்பாலும் மாணவர்களே, இந்த அமைப்பின் தேசியத் தலைவர் பொறுப்பில் இருப்பவரே ஒரு மாணவர்தான். இவ்வளவு பெரிய கூட்டத்தை இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நடத்துகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

என் பக்கத்தில் அந்த ஜன்னலோர மேசைப் பெண் உட்கார்ந்திருந்தாள். கோஷம் அடங்கியதும் திரும்பித் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாய் என்றேன். "யாரையும் இல்லை. எலக்ட்ரிக்கல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்" என்றாள். எண்ண முடியவில்லை.

கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் கரியர் ஃபேர் நாளன்று ஹோட்டல் அறையில் நாலு மணிக்கே விளக்கு எரிந்தது. ஒரு அறைக்கு நாலு பேர், ஒரு இஸ்திரிப் பெட்டி. டை கட்டத் தெரிந்தவன் ஒருவன்தான், அவன் தன் கழுத்தில் கட்டி, முடிச்சை லேசாகத் தளர்த்திக் கழற்றி, அடுத்தவன் தலை வழியாக மாட்டி இறுக்கினான், இப்படியே மூன்று பேருக்கும். பெண்கள் பக்கத்தில் பேச்செல்லாம் முடியைப் பற்றித்தான் இருந்தது என்று பிறகு கேட்டேன். சுருட்டை முடியை இயல்பாக விடுவதா, பின்னலோடு போவதா, நேராக்கிக்கொண்டு போவதா. இதை ஒரு சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம், பின்னலோடு வந்தால் அலுவலகத்துக்கு ஏற்ற தோற்றம் இல்லை என்று சொல்லி வேலை மறுக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. அதைத் தடுக்க கலிபோர்னியா 2019-ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. எங்கள் செயலாளர் பின்னலோடுதான் வந்தாள். மண்டபத்துக்குள் நுழைந்ததும், கம்பெனி மேசைகளுக்குப் பின்னால் நின்ற மூத்த பொறியாளர்களிலேயே பலர் பின்னலோடு நிற்பதைப் பார்த்து அவள் தோளின் இறுக்கம் தளர்ந்தது, நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வரிசைகள் நீளமானவை. விமானக் கம்பெனி, கார் கம்பெனி, மென்பொருள், மருந்து, அரசு ஆய்வுக்கூடம். பெண்கள் பையில் தட்டைச் செருப்பு, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் மாற்றிக்கொள்வார்கள். மதிப்பெண் சராசரி நாலுக்கு 3.0-க்குக் கீழே இருந்தால் ரெஸ்யூமே வாங்குவதில்லை என்று இரண்டு இடத்தில் எங்கள் செயலாளரிடம் சொல்லிவிட்டார்கள். அவளுடையது 2.9. மூன்றாவது இடத்தில் ஒரு மணி நேரம் நின்றாள், ரெஸ்யூமேயைப் பார்த்த உடனே மதியம் இரண்டு மணிக்கு இன்டர்வியூ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

திரை போட்ட தடுப்புகளுக்குள் இன்டர்வியூ. நான் வெளியே காத்திருந்தேன், நடந்ததை அவள் வந்து சொன்னாள். எதிரே இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய கருப்பினப் பெண்மணி, மின்மாற்றி வடிவமைப்பில் இருப்பவர். குழுவாகச் செய்த ஒரு புராஜெக்ட்டைச் சொல்லு, அதில் உன் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, "என் பங்கு முழுவதும்தான், எனக்குப் பார்ட்னர் இல்லை" என்றிருக்கிறாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தாராம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "எனக்கும் இல்லை" என்றாராம். அதற்கப்புறம் அரை மணி நேரம் சர்க்யூட்டைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவள் அழுதாள், நான் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேர் ஜார்ஜியா டெக் வளாகத்துக்கு நடந்தோம், மண்டபத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். 1961-ல் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே அங்கே முதல்முறையாக மூன்று கருப்பின மாணவர்களைச் சேர்த்தார்கள், ஃபோர்ட் கிரீன், ரால்ஃப் லாங், லாரன்ஸ் வில்லியம்ஸ். மூன்று பேருமே அங்கே பட்டம் வாங்கவில்லை. பட்டம் வாங்கிய முதல் கருப்பினத்தவர் ரொனால்ட் யான்சி, 1965, எலக்ட்ரிக்கல். அந்த மூவருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது, யான்சிக்குத் தனியாக ஒன்று. 2019-ல் வைத்தார்கள். யான்சி சிலைக்கு வைத்திருக்கும் பெயர் 'முதல் பட்டதாரி'. அதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கவுன்சிலிங்குக்குப் போகும் முன் அப்பா வேலைக்கு லீவு போட்டுத் தாலுகா ஆபீசில் நின்று வாங்கி வந்த சான்றிதழின் பெயரும் அதுதான், முதல் பட்டதாரி சான்றிதழ். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, அந்தத் தாளால்தான் என் டியூஷன் ஃபீஸ் தள்ளுபடியானது. இதைச் சொன்னபோது மாமா கோட் பையன், "அரசாங்கமே தாளில் எழுதித் தருமா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

யான்சி படித்த நாட்களில் அவரோடு சேர்ந்து லேப் செய்யவோ படிக்கவோ யாரும் இல்லை என்று கூட வந்த ஒருவன் போனில் படித்துச் சொன்னான். எங்களோடு நின்ற ஜன்னலோர மேசைப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சிலையின் அருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள், படம் எடுக்கச் சொல்லவில்லை.

அங்கிருந்து ஒலிம்பிக் பூங்கா வரை வந்து டிராம் பிடித்து ஆபர்ன் அவென்யூ போனோம். மார்ட்டின் லூதர் கிங், அவர் மனைவி கொரெட்டா இருவர் சமாதியும் நீலத் தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது, அதே இடத்தில் கொஞ்சம் தள்ளி காந்தி சிலை. கிங் 1959-ல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரியில் நின்று சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்தவர், எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர். அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதிர்ந்துபோனவர், தன் மக்கள் வாழும் நிலையை யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அப்படிப்பட்டவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டார், பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். பள்ளியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்தத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து இவர்களுக்கு நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிளம்பியபோது கோட் உறைகள் எல்லாம் அடியில் போய்விட்டன. கம்பி காலியாக இருந்தது. எல்லோரும் கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கினார்கள்.

ஏப்ரலில் அவளுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து கோடைக்கால இன்டர்ன்ஷிப் வந்தது. மே மாதம், யான்சி தன் பேத்திக்கு அதே ஜார்ஜியா டெக்கில் முதுகலைப் பட்டத்தைக் கையால் வழங்கிய செய்தியை எங்கள் குழுவுக்கு அனுப்பினாள், பேத்தியும் எலக்ட்ரிக்கல்தான். கீழே ஒரு வரியும் எழுதவில்லை.

ஆகஸ்டில் எனக்கு மறுபடியும் அதே லேப் கொடுத்தார்கள். ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள் என்று இப்போது சொல்வதில்லை. முந்தின நாள் இரவே பெயர்களை நானே இரண்டிரண்டாக எழுதி, ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போகிறேன்.