பெட்ரோல் குடித்த மண்

"தோண்டி எடுத்துத் தூரப் போட வேண்டியதுதானே தம்பி, இதுக்கு எதுக்கு மீட்டரும் பைப்பும்?" பெட்ரோல் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்யப் போகும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி வரும். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது ஊர்க்காரர்களின் பத்தாங் பெர்ஜுந்தையில், நாங்கள் வேலை எடுத்த நிலத்தின் முதலாளியும் கேட்டார். பக்கத்திலேயே செம்பனைக் காடு, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். ஓரமாகக் கொட்டி நிரவிவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு.

அந்த நிலம் ஒரு காலத்தில் தோட்டத்து லோரிகளுக்குப் பெட்ரோல் ஊற்றிய இடம். அப்புறம் பட்டறையாகி, கைமாறி, இப்போது தொழிற்சாலை லாட். பழைய ஸ்டோரில் கரையான் தின்றது போக மிஞ்சிய கணக்குப் புத்தகங்கள் கிடந்தன. தோட்டத்துக் கணக்கரான கிராணி தினமும் காலையில் தொட்டிக்குள் அளவுகோல் விட்டு இருப்பை எழுதியிருக்கிறார். கணக்கில் துண்டு விழும்போதெல்லாம் அழகான கையெழுத்தில் 'ஆவி' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. பெட்ரோல் ஆவியாகும்தான். ஆனால் புதைத்த தொட்டியில், அடைமழை மாதத்திலும் அதே அளவுக்கா ஆவியாகும்? கிராணியைக் குறை சொல்லமாட்டேன். பெரிய துரைக்குக் கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு அந்தப் பக்கங்கள் பெரிய உதவி. இது ஒரே நாளில் கொட்டியதல்ல, ஆண்டுக்கணக்கில் சொட்டியது என்று தோண்டுமுன்பே தெரிந்துவிட்டது.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும், அதன்மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும். மழைக்கு நீர்மட்டம் ஏறினால் கூடவே ஏறும், வெயில் காலத்தில் இறங்கினால் இறங்கும். போகிற வழியெல்லாம் மண்ணில் பூசிவிட்டுப் போகும். இதுவோ வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டைகள் நிறைந்த ஊர். வெள்ளீயம் அலசிய மணல் ஓர் அடுக்கு, சேறாகப் படிந்த களி ஓர் அடுக்கு. மணலில் புகுந்த பெட்ரோல் ஓடும். களியில் புகுந்தது லேசில் கிளம்பாது.

எக்ஸ்கவேட்டர் ஓட்டிய அண்ணன் வாளியைத் தூக்கியதும் நிறம் காட்டிக் கொடுத்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே சாம்பலும் பச்சையும் கலந்த மண். "வாடையே இல்லையே தம்பி" என்றார். காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார், மூக்கு பழகிவிட்டது. இந்த வேலையில் மூக்கை நம்புகிறவனைப் பக்கத்திலேயே சேர்க்கக்கூடாது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் வரவழைப்பது. ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் குழிக்குள் தேங்கி நிற்கும், காற்றில் 1.4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் குழியோரம் சிகரெட்டும் கிடையாது, கைப்பேசியும் கிடையாது.

பரிசோதனை எளிது. பிளாஸ்டிக் பையில் பாதிக்கு மண்ணைப் போட்டு, வாயை இறுக்கி, நன்றாகக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வைப்போம். நம் ஊர்ச் சூட்டில் பை உப்பிக்கொண்டு வரும். அதில் சின்னத் துளை போட்டு, ஆவியை அளக்கும் மீட்டரின் மூக்கை நுழைத்தால் எண் ஏறும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த மணலில் எண் சரசரவென்று ஏறி, அண்ணன் வாயைப் பிளந்ததும் உண்டு. இது வழிகாட்ட மட்டும்தான். முடிவு சொல்வது ஆய்வுக்கூடம்.

இனி முதலாளியின் செம்பனைக் காடு. கசிவைச் சுத்தம் செய்யும்போது வரும் மண், 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்டபிள்யூ 408 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் ஆபத்தான கழிவு. நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் இருப்பதுபோல உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போகவேண்டும், டன் கணக்கில் பணம் கட்டி. விதியை விடுங்கள், இது சிலாங்கூர் ஆறு ஓடும் ஊர். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் வாடை இந்த ஆற்றுக்கு வந்ததால் 4 சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. முதலாளி வீட்டிலும் வாளி தூக்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னதும்தான் பேச்சு அடங்கியது.

மிக மோசமான மண்ணை அனுப்பிவிட்டு, மீதியைச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதியோடு அங்கேயே குவியல் போட்டோம். அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, நடுவே துளையிட்ட பைப், காற்றை இழுக்க புளோவர், இழுத்த ஆவியைப் பிடிக்கக் கரி டிரம். பெட்ரோலைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது. அதற்குக் காற்றும் ஈரமும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்தால் போதும். மண் இளக, செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் காலிக் குலைகளை நறுக்கிக் கலந்தோம். உரம், தோட்டத்து உர ஸ்டோரில் இருப்பதுதான். உண்மையான பாடு களிக்கட்டிகளை உடைப்பது: வெளியே வாடை போயிருக்கும், பிளந்தால் உள்ளே அப்படியே இருக்கும். சாயங்கால மழைக்குக் கன்வாஸ் போர்த்தி இறுக்குவது இன்னொரு பாடு. ஒரு மூலை பறந்தால் போதும், குவியல் சேறாகிவிடும், காற்று போகாது.

குவியலில் மண் தேறிவிட்டது. நிலத்தடி நீர்தான் பாக்கி. கட்டடம் எழுப்பியாகிவிட்டது என்றாலும் கார் நிறுத்துமிடத்தில், அந்த நீரை எடுத்துச் சோதிக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் இரும்பு மூடிகள் இருக்கின்றன. "இதையும் சிமெண்ட் போட்டு மூடிடலாமா?" என்று முதலாளி போன வாரம் போன் செய்தார். பென்சீன் அளவு இறங்கட்டும், அதுவரை லோரியை மட்டும் மூடிமேல் ஏற்றவேண்டாம் என்றேன்.